கதிரை அடுக்கும் கைகள்

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் வாசிகசாலைக்குச் செல்பவர், மேசையின்மீது அன்றைய பத்திரிகைகள் விரித்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்பார், அமர்வார், படிப்பார், எழுந்து செல்வார். விடியற்காலையில் யாரோ ஒருவர் வந்து, கதவைத் திறந்து, கூட்டித் துப்புரவாக்கி, பத்திரிகைகளைக் கொண்டுவந்து வைத்தார் என்பதை அவர் சிந்திப்பதேயில்லை. வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் எம் மண்ணிலே தலைமுறை தலைமுறையாக நிலைத்து நின்றமைக்குக் காரணம் அந்த 'யாரோ ஒருவர்' அல்லவா? அவருக்குச் சம்பளமில்லை; பட்டமில்லை; ஆண்டறிக்கையின் இறுதிப் பக்கத்தில் நன்றி என்னும் ஒரு சொல் கிடைத்தால் அதுவே பெரிது.

இன்றைய கணினி உலகிலும் இத்தகைய ஒருவர் இருக்கின்றார் என்றால் எமது வாசகர்களுட் பலர் வியப்படையக்கூடும். கணினித் துறை என்றதும் பெருஞ் சம்பளமும் கண்ணாடி மாளிகைகளும் பன்னாட்டு நிறுவனங்களுமே எம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆயினும் அத்துறையின் ஒரு பெரும்பகுதி, ஊதியம் பெறாத தொண்டர்களின் உழைப்பின்மீதே நிற்கின்றது. அவர்கள் திங்கள்தோறும் ஒரு நாளிலே ஓரிடத்திற் கூடுகின்றனர், கற்கின்றனர், கற்பிக்கின்றனர். அக்கூட்டத்தைக் கூட்டுபவரைப் பற்றியே இவ்வாரம் எழுதக் கருதினோம்.

மூடியில்லாத கடிகாரம்

முதலில் 'திறந்த மூலம்' என்பது யாது என அறிதல் வேண்டும். கணினி எதைச் செய்ய வேண்டும் என்று மனிதர் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகள் மனிதர் வாசிக்கக்கூடிய வடிவில் இருக்கும்போது அதனை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பல தம் மென்பொருளை விற்குமேயன்றி மூலநிரலைக் காட்டமாட்டா. ஒரு கடிகாரத்தை விற்றுவிட்டு, அதன் பின்மூடியை ஒருபோதும் திறக்கலாகாதென முத்திரையிட்டு விடுவதை ஒத்தது இது. திறந்த மூல மென்பொருளோ மூடியில்லாத கடிகாரம். யாரும் உள்ளே நோக்கலாம், பழுதிருப்பின் திருத்தலாம், திருத்தியதை அயலவருக்கும் வழங்கலாம்.

1983ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்து இவ்வழிக்குக் கால்கோள் இட்டார். 1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பின்லாந்து தேசத்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக எழுதிவரும் ஓர் இயக்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. எமது வாசகரின் கையிலுள்ள தொலைபேசி அன்ட்ரொயிட் வகையினதாயின், அதன் அடித்தளத்தில் இயங்குவது அந்த மாணவர் தொடக்கி வைத்த லினக்ஸே. இணையத்தின் வழங்கிக் கணினிகளுள் மிகப் பெரும்பான்மையானவற்றை இயக்குவதும் அதுவே.

முகங்கண்டு பழகுதல்

உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இணையத்தின் வழியாகவே இவற்றை எழுதினர் என்றால், நேரிற் கூடவேண்டிய தேவை யாது? இக்கேள்வி நியாயமானதே. விடையோ மனித இயல்பிலே உள்ளது.

கணினிக் கலையில் நேரிற் கூடும் வழக்கம் லினக்ஸிலும் பழையது. 1975ஆம் ஆண்டு மார்ச் 5ஆந் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க் என்னும் ஊரிலே ஒரு வீட்டின் வாகனக் கொட்டிலில் சில கணினி ஆர்வலர் கூடினர். 'ஹோம்புரூ கணினிக் கழகம்' பிறந்தது. அங்கு வந்த இளைஞர்களுள் ஒருவர் ஸ்டீவ் வொஸ்னியாக். தாம் வடிவமைத்த கணினியின் வரைபடத்தைக் கழகத்தவருக்கு அவர் இலவசமாகவே பகிர்ந்தளித்தார். பின்னாளில் ஆப்பிள் நிறுவனத்தின் முதற் கணினியாக வெளிவந்தது அதுவே.

1990களில் லினக்ஸை ஒரு கணினியில் நிறுவுவது எளிதான காரியமன்று. அச்சுப்பொறி இயங்காது, திரை இருளும், ஒலி எழாது. எனவே ஆர்வலர்கள் தத்தம் பாரமான கணினிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்திற் கூடினர். அறிந்தவர் அறியாதவருக்கு அருகிருந்து நிறுவிக் கொடுத்தார். இவ்வாறு உலகெங்கும் தோன்றியவையே 'லினக்ஸ் பயனர் குழுக்கள்'. தமிழகத்தின் சென்னை நகரில் 1998ஆம் ஆண்டு ஜனவரி மாதந் தொடக்கம் இத்தகைய குழுவொன்று செயற்படலாயிற்று. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையை அது தன் கூட்ட நாளாகக் கொண்டது. காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய ஊர்களிலும் குழுக்கள் எழுந்தன. 2012ஆம் ஆண்டில் 'கணியம்' என்னும் இதழ் தோன்றி, கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்திகளைத் தமிழிலே தரத் தொடங்கியது.

புத்தகத்தைப் படித்து அறிந்துகொள்ளலாம். இணையத்திற் காணொளியைப் பார்த்தும் அறிந்துகொள்ளலாம். ஆனால் 'எனக்கு விளங்கவில்லை' என்று வெட்கமின்றிச் சொல்லவும், 'எனக்கும் அன்று விளங்கவில்லை' என்று மற்றொருவர் சிரித்துக்கொண்டே விடையளிக்கவும் ஓர் அறை வேண்டும். அவ்வறையிற் சில கதிரைகள் வேண்டும். நேரிற் கூடுவதன் பயன் இதுதான்.

எம் நாட்டில் விளைந்த விளைவு

'இவையெல்லாம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்தும், எமக்கு என்ன?' என வினவுவோர் உளர். அவர்கட்குச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் தொகுப்பிலே சிங்கள எழுத்துருவொன்று உண்டு. அதன் பெயரிலே லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் பெயர்ச்சுருக்கம் பொதிந்துள்ளது. கூடிப் பேசிய ஒரு குழுவினர், தம் மொழி கணினித் திரையிற் செவ்வனே தோன்ற வேண்டுமென்று உழைத்தனர்; அவ்வுழைப்பு இன்று உலகின் எந்த மூலையிலும் எவரும் இலவசமாகப் பெறக்கூடிய பொருளாக நிற்கின்றது. தமிழுக்கும் இவ்வாறே தொண்டர்கள் உழைத்துள்ளனர். எமது நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிம வடிவிற் காத்துவரும் 'நூலகம்' திட்டம் 2005ஆம் ஆண்டிலே தொண்டர்களால் தொடங்கப்பெற்றது. அதன் இணையத்தளம் இயங்குவது மீடியாவிக்கி என்னும் திறந்த மூல மென்பொருளிலே. விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதுவே. நூலகம் எரிந்த துயரை 1981ஆம் ஆண்டிலே கண்ட ஓர் இனத்துக்கு, விலையின்றிக் கிடைத்த அம்மென்பொருளின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் மேலான உதாரணம் ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எம் கரைகளை விழுங்கிற்று. இலங்கையில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனோர் யார், எந்த முகாமில் யார் உளர், எவ்விடத்துக்கு எப்பொருள் தேவை, எந்த நிறுவனம் எங்கே பணிபுரிகின்றது என்பன ஒருவர்க்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஒரே ஊருக்குப் பல வண்டிகள் போய்ச் சேர, அயலூர் பட்டினி கிடக்கும் நிலை இத்தகைய காலங்களில் எளிதில் நேர்வது. அவ்வேளையிலே கொழும்பின் மென்பொருட் துறையைச் சேர்ந்த தொண்டர்கள் ஒன்றுகூடினர். லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவோடு சில நாள்களுள் ஒரு மென்பொருளை எழுதலாயினர். காணாமற் போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளின் பதிவேடு என அது விரிந்தது. அதற்கு 'சஹனா' எனப் பெயரிட்டனர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு 'நிவாரணம்' என்பது பொருள்.

மூலநிரல் திறந்திருந்தமையால் அது எம் நாட்டோடு நின்றுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2010ஆம் ஆண்டின் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் சஹனா பயன்பட்டது. சமூக நலன் பயக்கும் திட்டங்களுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது.

சில நாள்களில் இஃது எங்ஙனம் சாத்தியமாயிற்று? ஆற்றலும் இரக்கமும் காரணங்களே. ஆனால் அவை மட்டும் போதா என்பது எம் கருத்து. துன்பம் வந்த பின்னர் ஒருவரையொருவர் தேடித் திரிந்து, பெயர் கேட்டு, நம்பிக்கை கொண்டு, வேலையைப் பங்கிட அவகாசம் ஏது? யார் எதில் வல்லவர், யாரை நள்ளிரவில் எழுப்பலாம், யார் சொன்ன சொல் தவறாதவர் என்பன முன்னரே அறியப்பட்டிருத்தல் வேண்டும். அத்தகைய அறிமுகம் அமைதிக் காலத்திலே, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, சிறு கூட்டங்களில் உண்டாவது. வெள்ளம் வருமுன் அணை கோலுதல் என்பது இதுவேயாம்.

கூட்டத்துக்குப் பின்னால்

இத்தகைய கூட்டத்தைக் கூட்டுவது எளிதோ என்றால், இல்லை என்றே சொல்வோம். பார்ப்பவர் கண்ணுக்கு ஒருவர் மேடையில் நின்று பேசுகின்றார்; ஏனையோர் கேட்கின்றனர். அதன் பின்னாலுள்ள பிரயாசையைச் சிறிது நோக்குவோம்.

முதலாவது நாள் குறித்தல். பூரணை விடுமுறையன்று பலர் ஊருக்குச் சென்றுவிடுவர். சனி ஞாயிறுகளில் மாணவர்க்கு ரியூட்டரி வகுப்புகள். கோயிற் றிருவிழாக் காலமும் பரீட்சைக் காலமும் விலக்கத்தக்கவை. இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சுவது ஒரு நாள். அந்நாளை மாதந்தோறும் மாற்றாதிருத்தல் அதனினும் முக்கியம். 'மாதத்தின் இரண்டாவது சனி' என்று ஒருமுறை மனத்திற் பதிந்துவிட்டால், மூன்று மாதம் வராதவரும் நான்காம் மாதம் தயக்கமின்றி வருவார்.

இரண்டாவது இடம். கல்லூரி மண்டபமோ, நிறுவனமொன்றின் கூட்ட அறையோ, ஊர்ச் சனசமூக நிலையமோ கிடைக்கலாம். அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். காவலாளிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சாவியை வாங்கி, திரும்பக் கொடுக்க வேண்டும். பல மடிக்கணினிகளுக்கு மின்சாரம் கொடுக்க நீண்ட கம்பிகள் வேண்டும். திரையிற் படம் வீழ்த்தும் கருவி அன்றைக்கென்று பழுதாகாமலிருக்க வேண்டும்.

மூன்றாவது பேச்சாளர். வல்லுநர் ஒருவரை மாதந்தோறும் தேடுவது இயலாத காரியம். அநுபவசாலிகளான அமைப்பாளர் வேறு வழியைக் கையாளுவர். சென்ற மாதம் கேள்வி கேட்ட மாணவியிடமே, 'அக்கேள்விக்கு நீர் கண்டுபிடித்த விடையை அடுத்த மாதம் 5 நிமிடம் சொல்லும்' என்பர். அம்மாணவி அஞ்சுவாள், ஆயினும் சொல்வாள். முதன்முறை நடுங்கிய குரலோடு பேசியவர்கள் நாளடைவிற் பிறர்க்குப் பயிற்சியளிப்பவராவதே இக்கூட்டங்களின் உண்மையான விளைச்சல்.

நான்காவது உபசாரம். தேநீரும் சில பற்றீசுகளும் போதும். பெயர் கொடுத்தவர்களிற் பலர் வாராமற் போவதும், பெயர் கொடாதவர் சிலர் வந்து நிற்பதும் இலவசக் கூட்டங்களின் இயல்பு. எத்தனை பேருக்குச் சொல்வது என்று அமைப்பாளர் படும் பாட்டைக் கலியாண வீடு நடத்தியவர்களே நன்கறிவர்.

இவை யாவற்றிலும் அரியது ஒன்றுண்டு. அது வாயிலருகே தனியே நிற்கும் புதியவரைக் காணுதல். பழகியவர்கள் தமக்குள் வட்டமாய் நின்று, தமக்கு மட்டும் விளங்கும் சொற்களிற் பேசிக்கொண்டிருப்பர். புதியவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பதுபோற் பாவனை செய்து, கால் மணி நேரத்திற் புறப்பட்டு விடுவார், மீண்டும் வரமாட்டார். அவரிடம் சென்று, 'தம்பி, எங்கிருந்து வருகின்றீர்? என்ன படிக்கின்றீர்?' என்று கேட்டு, இன்னொருவரிடம் அறிமுகப்படுத்தி வைப்பவரே சிறந்த அமைப்பாளர். ஆங்கிலத்திலேயே பேச்சு முழுதும் நிகழுமாயின், ஆங்கிலத்தில் தயங்கும் கிராமத்து மாணவர் வாய் திறவார். தமிழிலும் சிங்களத்திலும் கேள்வி கேட்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதற்குச் செலவு ஏதுமில்லை. அதன் பயனோ பெரிது.

பெண்கள் வரவேண்டுமென்று பலரும் சொல்கின்றனர். சொன்னாற் போதாது. கூட்டம் கடைசி பஸ்ஸுக்கு முன் முடிதல் வேண்டும். இடம் இருள் சூழ்ந்த சந்தில் இராமை வேண்டும். ஒருவர் தகாத முறையில் நடந்துகொண்டால் யாரிடம் முறையிடலாம் என்பது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இப்பொழுது பல குழுக்கள் நடத்தை விதிகளை எழுதி, கூட்டத் தொடக்கத்தில் வாசித்துக் காட்டுகின்றன. இது வரவேற்கத்தக்க வழக்கம்.

ஒரு தோளில் ஏறிய பாரம்

இத்தனையையும் ஒருவரே செய்தால் நிகழ்வது யாது? முதலாண்டு உற்சாகம், இரண்டாம் ஆண்டு கடமை, மூன்றாம் ஆண்டு சலிப்பு. நான்காம் ஆண்டிலே அவருக்குக் கலியாணமாகிறது. அல்லது வெளிநாட்டிலே உத்தியோகம் கிடைக்கின்றது. அவரோடு குழுவும் மறைகின்றது. எம் நாட்டிலே இவ்வபாயம் இரட்டிப்பானது. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் வந்தபோது கூட்டங்கள் திரைக்குள் ஒடுங்கின. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம்; நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டையும் கண்டோம். அதன் பின் படித்த இளைஞர் பலர் கடல் கடந்தனர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் ஒருவர் புறப்படும்போது சாவியை வாங்கிக்கொள்ள இன்னொருவர் அருகில் இல்லையெனின், குற்றம் புறப்பட்டவருடையதன்று. பாரத்தைப் பங்கிடாத எல்லோருடையதுமாம்.

தனிமையிற் சுமக்கும் பாரம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 'எக்ஸ்-இசட்' என்பது கோப்புகளைச் சுருக்க உதவும் ஒரு சிறிய திறந்த மூல மென்பொருள். பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புகளில் அஃது உண்டு. அதனைப் பல ஆண்டுகளாக ஊதியமின்றி ஒருவரே பராமரித்து வந்தார். அவர் களைப்புற்று, தம் மனநலமும் குன்றியிருப்பதாக 2022ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே எழுதினார். வேறு சிலரோ 'வேலை தாமதமாகின்றது' என்று அவரை நெருக்கினர். அவ்வேளை 'ஜியா டான்' என்னும் பெயரோடு ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லவராக உழைத்து நம்பிக்கை பெற்றார். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறர் கணினிகளுக்குள் களவாகப் புகுவதற்குரிய ஒரு மறைவழியை அம்மென்பொருளில் ஒளித்து வைத்தார். கணினியினுள் நுழைவதற்கு ஏறத்தாழ அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த அந்திரஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளர் காரணத்தை ஆராய்ந்து, மார்ச் 29ஆந் திகதி உலகுக்கு அறிவித்தார். பேராபத்து மயிரிழையில் விலகியது.

மூலநிரல் திறந்திருந்தமையாலேயே ஆபத்து கண்டுபிடிக்கப்பட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். அது மெய்யே. ஆனால் களைத்த ஒரு மனிதரின் அருகில் மெய்யான நண்பர் இருவர் இருந்திருப்பின், பொய்யான நண்பருக்கு இடம் கிடைப்பது அத்துணை எளிதாயிருந்திருக்குமா? கதவு திறந்திருப்பது மட்டும் போதாது. அதைக் காப்பவருக்குத் துணையும் வேண்டும். இப்பாடம் மென்பொருளுக்கு மட்டுமன்று, கூட்டத்தைக் கூட்டுபவருக்கும் உரியதே.

ஆகவே புதிதாகக் குழுவொன்றைத் தொடங்க எண்ணும் இளைஞருக்கு எமது யோசனை இது: தனியே தொடங்காதீர்கள். மூவராகத் தொடங்குங்கள். ஒருவர் இடத்தையும், ஒருவர் பேச்சாளரையும், ஒருவர் வருவோரையும் கவனியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். கணக்கை எல்லோரும் காண எழுதி வையுங்கள். உதவும் நிறுவனத்துக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் கூட்டத்தை அதன் விற்பனை மேடையாக்காதீர்கள். பத்துப் பேர் வந்தால் அது தோல்வியன்று. பத்துப் பேரும் அடுத்த மாதம் வருகின்றனரா என்பதே கணக்கு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இறுதியாக, இப்பகுதியை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். உங்கள் மகனோ மகளோ சனிக்கிழமை பிற்பகலில் மடிக்கணினியைத் தோளிற் போட்டுக்கொண்டு புறப்படும்போது, 'காசு தராத வேலைக்கு ஏன் இத்தனை அலைச்சல்?' என்று கேட்க உங்கள் நா எழும். கேள்வியிலே பிழையில்லை, உழைத்து வளர்த்தவர்க்கு அக்கேள்வி இயல்பே. ஆனால் மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களை நினைத்துப் பாருங்கள். திறந்த மூலத் திட்டங்களில் மாணவரை ஈடுபடுத்துவதற்காகக் கூகுள் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய கோடைகாலத் திட்டத்தின் முதற் பத்தாண்டில், உலகப் பல்கலைக்கழகங்கள் யாவற்றினும் மிகுதியான மாணவரை அனுப்பியது இச்சிறு தீவின் மொறட்டுவையே. அடுத்த அணியினருக்கு முன் அணியினர் வழிகாட்டாமல் இத்தகைய வரிசை ஆண்டுதோறும் நீள்வதில்லை.

பட்டச் சான்றிதழ் ஒருவர் கற்றதைச் சொல்லும். அவர் எழுதிய மூலநிரல் உலகின் கண்முன் கிடந்து, அவர் எவ்வாறு உழைத்தார், பிறர் திருத்தியபோது எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பதைச் சொல்லும். நாற்பது பேரை ஓரறையிற் கூட்டி, முரண்பட்டோரைச் சமாதானப்படுத்தி, ஐந்து மணிக்கு முடிப்பதாகச் சொன்ன கூட்டத்தை ஐந்து மணிக்கு முடித்தவர் எந்த உத்தியோகத்துக்கும் தகுதியானவர். இவ்வித்தையைக் கற்பிக்கும் பாடநூல் எமக்குத் தெரிந்தவரையில் இல்லை.

எனவே அவர்களைத் தடுக்க வேண்டா. எங்கே செல்கின்றனர், யாரோடு கூடுகின்றனர், எந்நேரம் திரும்புவர் என்று கேட்டறிவது பெற்றோர் கடமை, கேளுங்கள். இயலுமாயின் ஒருமுறை நீங்களும் உடன் சென்று பின்வரிசையில் அமருங்கள். பேசப்படுவது முழுதும் விளங்காமற் போகலாம். கூட்டம் முடிந்ததும் ஏனையோர் பேசிக்கொண்டே வெளியேறுவர். ஒரு பிள்ளை மட்டும் பின்தங்கி, கதிரைகளை அடுக்கி, கோப்பைகளைத் திரட்டி, மின்விளக்குகளை அணைத்துக்கொண்டிருக்கும். அஃது உங்கள் பிள்ளையாயின் மனம் நிறைந்து கொள்ளுங்கள். வேறொருவர் பிள்ளையாயின், எழுந்து சென்று ஒரு கதிரையை நீங்களும் தூக்கி வையுங்கள்.